எட்டுப் பொத்தான் உறை

ஒரு சட்டைக்கு இஸ்திரி போட நாலு நிமிஷம். அதில் கண்ணுக்கு வேலை ஒரு நிமிஷம்தான். காலர், கைப்பட்டி, பொத்தான் சந்து. மற்ற மூன்று நிமிஷமும் கை தானாகப் போய் வரும், கண் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கண் ஜன்னலுக்கு வெளியே போகாமல் வேறெங்கே போகும்? இது புரியாமல் தெருவில் என்னை வம்புக்காரி என்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக என் மேஜை இந்தக் கீழ்த்தள ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே கொண்டுபோய் உறைக்காரர் வீட்டைக் கட்டியது நானில்லை.

உறைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். தார்ப்பாய் தைப்பது அவர் தொழில். லாரிக்கு மேலே போடுகிற பாய், கடை வாசலில் வெயிலுக்கு இழுத்துவிடுகிற பாய், ஜெனரேட்டருக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு என்று எதைக் காட்டினாலும் சுற்றி வந்து அளவெடுத்து, கச்சிதமாக ஓர் உறை தைத்துவிடுவார். பட்டறையில் செய்கிற காரியம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ரிமோட்டுக்கு உறை, அடுப்புக்கு உறை, குடைக்கு உறை. அந்தக் குடை உறை அழுக்காகாமல் இருக்க அதற்கும் ஓர் உறை உண்டு என்று மேல்மாடி குமாஸ்தா சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

இத்தனை உறை போட்டும் வீட்டுக்குள் இருந்த இரண்டு பேரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை மனுஷருக்கு. மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்குழந்தையைக் கூட்டிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டாள். சண்டை சத்தம் ஒன்றுகூட எனக்குக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதுதான் சண்டையே, அந்த மனுஷர் வாயைத் திறக்கவே மாட்டார் என்று பிற்பாடு குமாஸ்தா சொன்னார். இதைத் தள்ளாத பாதியில் வைத்திருக்கிறேன்.

கோர்ட்டில் ஒரு ஏற்பாடு. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அவர் போய் அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். குழந்தையைக் கூட்டிவந்து வைத்திருந்து ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும். பத்து என்றால் பத்துதான். பத்தரைக்கு அவளுக்கு ட்யூட்டி. இவர் வராவிட்டால் ஏழு வயசுப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் ஒரு பக்கம் மட்டும் பேசுகிற ஆள் இல்லை.

அதற்காகத்தான் அந்த மின்சாரக் காரை வாங்கினார். செகண்ட் ஹேண்ட். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறினால் போக எண்பது, வர எண்பது, சரியாக ஓடும். ஒரு தெரு சுற்றிப் போனாலும் வழியிலேயே நின்றுவிடும். ஷெட் கிடையாது. தன் வீட்டு ஜன்னலுக்கு அடியில் தெருவோரமாகவே நிறுத்துவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் கம்பி வழியாக ஒயரை வெளியே விட்டு, காரின் மூக்கில் இருக்கிற வாயில் செருகுவார். வாய் என்று சொன்னது நாங்கள்தான். அவர் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொல்வார்.

செருகிவிட்டு என் ஜன்னலுக்கு வருவார். கையில் ஒரு நீலச் சட்டை இருக்கும். மற்ற நாளெல்லாம் கசங்கலும் மெழுகுக் கறையுமாகத் திரிகிறவர், அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுப் போடுவார்.

"காலையில ஆறரைக்கு வேணும்க்கா."

"ஆறுக்கே தரேன். பாப்பாவுக்கு என்ன வாங்கி வச்சிருக்கீங்க தம்பி?"

"பென்சில் டப்பா. அதுக்கு ஒரு..."

"உறை தச்சிருக்கீங்க."

வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். பதினாலு நாளைக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் பேச்சு. எனக்கும் வேறு பெரிய பேச்சுவார்த்தை ஒன்றுமில்லை. துணி கொண்டுவருகிறவர்கள் துணியைப் பற்றிப் பேசுவார்கள். மகன் மாதம் ஒரு தடவை போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சரி என்பான்.

கார் வந்த புதிதில் தெருவுக்கே அந்த வாய்தான் வேடிக்கை. வாய்க்கு மேலே இருக்கிற மூடியில் ஸ்பிரிங் போய்விட்டது, சரியாக அடையாது, விரல் நுனி பட்டால் திறந்துகொள்ளும். போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு தடவை திறந்து பார்க்காமல் போனதில்லை. தண்ணீர் கேன் போடுகிறவன் குனிந்து பார்த்துவிட்டு, "பெட்ரோல் ஊத்துறதும் இங்கதானா?" என்றான். ஒருவர் தன் போனைச் சார்ஜ் போட முடியுமா என்று ஒயரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். குமாஸ்தா தினமும் காலையில் பேப்பர் வாங்கப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று கணக்கு வைத்துத் திறந்தார்.

"என்ன சார் பாக்கறீங்க, தினம் அதேதானே இருக்கு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டேன்.

"சரியா மூடியிருக்கான்னு பாக்கறேன்மா."

மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத் திறந்து பார்க்கிற ஆள் அவர்.

உறைக்காரர் ஓர் அட்டையில் 'தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டினார். அதுவரை அந்தப் பக்கம் கார் நிற்கிறதென்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று, எதைத் தொடக்கூடாது என்று தேடித் தொட்டார்கள்.

முதல் தடவை தவறியது மழையால். வெள்ளி ராத்திரி சாய்ந்து அடித்த சாரல் மூடி இடுக்கில் இறங்கிவிட்டது. வண்டி பாதியில் சார்ஜை நிறுத்திக்கொண்டது. ஈரம் பட்டால் தானே நிறுத்திவிடுமாம், ஆளைக் கொல்லக்கூடாதே. அன்றைக்கு அவர் பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் அரை மணி தாமதமாக வேலைக்குப் போயிருந்தாள்.

இரண்டாம் தடவை மனுஷக் கை. யாரோ ஒயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, திரும்பச் செருகத் தெரியாமல் தரையில் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த ஜன்னல் பூட்டியிருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். பல் வலி போய்விட்டது, இந்த வலி இன்னும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவரே என் ஜன்னலுக்கு வந்தார். இஸ்திரிக்குச் சட்டை கொண்டுவராமல் வந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அவ சொல்லிட்டா. இன்னொரு தடவை லேட்டானா கோர்ட்ல எழுதிக் குடுத்துடுவாளாம்."

"எழுதிக் குடுத்தா?"

"பாப்பா இங்க வர முடியாது. அங்க ஆபீஸ்ல ஒரு ரூம் இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மணி நேரம். ஒரு அம்மா பக்கத்துல உக்காந்திருப்பாங்க." என் ஜன்னல் கம்பியை விரலால் அளந்தார். "சுவத்துல முயல் படம் போட்டிருக்கு அந்த ரூம்ல. நான் பாத்திருக்கேன்."

"நீங்க கோர்ட்ல நல்லபடியா எடுத்துச் சொல்லக்கூடாதா தம்பி?"

கேட்ட பிறகுதான் நினைவு வந்தது, இவர் எடுத்துச் சொன்ன லட்சணம். முதல் விசாரணையில், குழந்தையை எப்போதாவது தனியாக விட்டதுண்டா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஆமாம், ஒரு தடவை, நூல் வாங்கப் போனபோது, பதினோரு நிமிஷம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அது அவர் மனைவிக்கே தெரியாத விஷயம். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். உண்மைக்கு மட்டும் உறை போடத் தெரியாத மனுஷர்.

"வெள்ளிக்கிழமையில மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்கக்கா. நீங்க எப்படியும்..." என்று இழுத்தார்.

"எப்படியும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், அதானே? சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

ஆக, இத்தனை வருஷம் தெருவே திட்டிய ஒரு காரியத்துக்கு எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

அடுத்த பன்னிரண்டு நாளும் பட்டறையில் அவர் வேறு வேலை பார்க்கவில்லை என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், தூறல் விட்டதும் கொண்டுவந்தார் அந்த உறையை. லாரிக்குப் போடுகிற கனத்த தார்ப்பாய், இரண்டு மடிப்பு. தையல் போட்ட இடமெல்லாம் சூட்டில் உருக்கி ஒட்டி, மேலே மெழுகு. ஓரம் முழுக்க ரப்பர் பட்டை. ஒயர் வெளியே வருகிற இடத்தில் சுருக்குக் கயிறு. அதற்கு மேல் எட்டு அழுத்துப் பொத்தான்கள். ஒன்றைத் திறந்தால் டப்பென்று ஒரு சத்தம் வரும், தெருக்கோடி வரை கேட்கும். காரின் மூக்குக்கு முகமூடி போட்டதுபோல இருந்தது. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அடித்துக் காட்டினார். பொட்டு இறங்கவில்லை.

குமாஸ்தா கைதட்டினார். "காத்து கூடப் போகாது போலிருக்கே!"

"போகாது சார்," என்றார் உறைக்காரர், பெருமையாக. அவர் பெருமையாக எதையும் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பகலெல்லாம் உறைக்கு மேலே நல்ல வெயில். சாயங்காலம் ஒயரைச் செருகி, எட்டுப் பொத்தானையும் அடித்து, கயிற்றை இறுக்கிவிட்டு, நீலச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். குமாஸ்தா இரண்டு தடவை வந்தார். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். ராத்திரி நான் படுத்ததுகூட ஜன்னலுக்குக் கீழேதான். ஒரு பொத்தான் சத்தம்கூடக் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்குச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தபோது உறைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனியன் மட்டும் போட்டிருந்தார்.

"யாருக்கா தொட்டது?"

"எதை?"

"சார்ஜ் முப்பத்தொண்ணுல நிக்குது. நூறு இருக்கணும். யாரு தொட்டது?"

"யாரும் தொடலையே தம்பி."

"தொடாம எப்படி நிக்கும்? தண்ணி போக வழியில்ல. நான் தச்சது. யாரோ பிடுங்கிட்டுத் திரும்ப மாட்டியிருக்காங்க. கொஞ்ச நேரம் தூங்கிட்டீங்களா? சொல்லுங்க, பரவால்ல."

"சத்தியமாச் சொல்றேன், ஒரு ஈ காக்கா கிட்ட வரல. உங்க வண்டிகிட்ட நேத்து யாருமே வரல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், யாராவது வந்திருந்தால் தேவலை என்பதுபோல இருந்தது.

"டாக்ஸி?"

"மூணு இடத்துல கேட்டுட்டேன். எட்டரைக்கு முன்னாடி யாரும் இல்ல. எட்டரைக்குக் கிளம்பினா பத்தரை ஆயிடும்."

என் கண்ணெதிரிலேயே அவளுக்குப் போன் போட்டார். அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டார் போலிருக்கிறது, அவள் பேசுவது எனக்கும் நன்றாகக் கேட்டது. இதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு எங்கே போயிருப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

"சார்ஜ் ஏறல. யாரோ..." என்றார்.

"யாரோ," என்றாள் அவள். கத்தவில்லை. தூக்கம் போதாத குரல். "போன தடவையும் யாரோ. அதுக்கு முன்னாடி மழை. எனக்கு லீவு இல்லைங்க. பிள்ளை அஞ்சு மணிக்கே எழுந்து ஷூ போட்டுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. நான் என்ன சொல்லட்டும்? யாரோன்னு சொல்லவா?"

"ஒரு அரை மணி நேரம்..."

"யாரு தொட்டாங்க? பாத்தீங்களா?"

"இல்ல. பாக்கல."

"அப்ப எப்படித் தெரியும் தொட்டாங்கன்னு?"

இவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், அடுத்து உண்மையைத்தான் சொல்லப்போகிறார். தெரியல, என் தப்பாக் கூட இருக்கலாம் என்பார். கோர்ட்டில் சொன்ன அதே குரலில் சொல்வார். அதோடு முயல் படம் போட்ட ரூம்தான்.

ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி போனைப் பிடுங்கினேன்.

"அம்மா, நான் எதிர் வீடு. துணி தேய்க்கிறவ. நான்தாம்மா தொட்டேன்."

அவள் எதுவும் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"புதுசா ஒரு உறை தச்சு மாட்டியிருந்தார். உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு ஆசை. ராத்திரி போய்ப் பிரிச்சுப் பாத்தேன். ஒயரையும் பிடுங்கிட்டேன். அப்புறம் பயந்துபோய்ச் செருகினேன், சரியாச் செருகல போலிருக்கு. இவர் மேல தப்பில்லம்மா. போன தடவையும் நானாத்தான் இருக்கும்."

கடைசி வாக்கியம் அதிகப்படி. ஆனால் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"நீங்கதானா?" என்றாள் அவள். "பாப்பா சொல்லுவா. அந்த ஆன்ட்டி இன்னும் ஜன்னல்லயே நிக்கிறாங்கம்மான்னு." பெருமூச்சு விட்டாள். "உங்க வயசுக்கு இதெல்லாம் நல்லாவா இருக்கு?"

"நல்லால்லம்மா."

"அவருக்கும் புள்ளைக்கும் நடுவுல விளையாடிட்டீங்களே."

"ஆமாம்மா."

"அவர்கிட்ட சொல்லுங்க. இன்னைக்குப் பிள்ளையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போறேன். நாளைக்குப் பத்து மணிக்கு வரட்டும். எழுதிக் குடுக்கல. இந்த ஒரு தடவை."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

"இப்பத்தானேக்கா சத்தியம் பண்ணீங்க," என்றார்.

நீலச் சட்டையை எடுத்து நீட்டினேன். வாங்காமல் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்தார். உறைக்காரர் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பட்டறைக்குப் போயிருந்தார். தெருவுக்கு யார் வந்தாலும் வழி கேட்பது என்னிடம்தான் என்பதால் நானே இறங்கிப் போனேன். மெக்கானிக் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டுப் பொத்தானையும் டப் டப்பென்று திறந்தார். உறையைத் தூக்கியதும் உள்பக்கத்திலிருந்து நீர் முத்து முத்தாக உருண்டு அவர் செருப்பில் விழுந்தது.

"இது யாரு வேலை?"

"எது?"

"இந்த உறை. வியாழக்கிழமை தூறினதே, அந்த ஈரத்தோட மூடியிருக்கார். காத்து போக ஒரு ஓட்டை வேண்டாமா? பகல் வெயில்ல உள்ள ஆவியாகி, ராத்திரி குளிர்ந்து அப்படியே வேர்த்திருக்கு. சோத்துப் பானை மூடி மாதிரி." ஒரு துணியை விட்டு உள்ளே துடைத்தார். "யாரும் பிடுங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வெளியிலேர்ந்து வரல, உள்ளயே தயாராயிருக்கு. ஆனா என்ன தையல்! ஒரு இம்மி பிசகல. அதான் கெடுதலே."

"நான் போய் இஸ்திரிப் பெட்டி கொண்டாரட்டுமா? காட்டினா ஒரு நிமிஷத்துல காஞ்சுடும்."

"அம்மா, நீங்க கிட்டயே வராம இருந்தா போதும்."

துருத்திபோல ஒரு சின்ன மெஷினை வைத்துக் காற்றடித்துக் காயவைத்தார். ஒயரைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அவர் போனை எடுத்து உறைக்காரரின் நம்பரைத் தேடினார்.

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"உள்ளதைத்தான். உறையைத் தூக்கிப் போடுங்கன்னு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஆம்பிளை கையை நடுத்தெருவில் பிடித்தேன். குமாஸ்தா மாடியிலிருந்து பார்த்தார், பார்க்கட்டும். காலையில் நடந்ததையெல்லாம் சொன்னேன். உறைக்காரருக்கு இது தெரிந்தால் அடுத்த நிமிஷம் அவளுக்குப் போன் போட்டு, அந்த அக்கா பொய் சொல்லிட்டாங்க, தப்பு என்னோடதுதான் என்பார். அப்படிப்பட்ட ஜந்து அவர் என்றேன்.

"ஈரம் பட்டிருந்தது, காயவச்சாச்சு. அவ்வளவு மட்டும் சொல்லுங்க. அதுவும் உண்மைதானே?"

"சரி. மறுபடி இதே உறையைத்தானே போடுவார்? மறுபடி வேர்க்குமே?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

"எப்படி?"

எப்படி என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை வந்து இறங்கியது. இரண்டு பல் விழுந்திருந்தது. என் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கியது. அவர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். கை இறங்கிவிட்டது. அவர் போட்டிருந்தது அந்த நீலச் சட்டைதான். மேஜை மேல் மடித்து வைத்திருந்ததைக் குமாஸ்தாவை அனுப்பி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சட்டை வரவில்லை. சனிக்கிழமைகளில் அதைக் கசங்கலாகவே போட்டுக்கொண்டு போனார். தோளில் ஒரு மடிப்பு கோணலாக நிற்கும், எனக்குக் கை அரிக்கும். காரில் புதிதாக ஓர் அட்டை தொங்கியது. தெருவைப் பார்த்து அல்ல, என் ஜன்னலைப் பார்த்து. 'பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.' தெருவுக்கு இது போதாதா? துணி கொண்டுவருகிறவர்கள் என்னைப் பார்த்து, "என்னக்கா, கார் எப்படி இருக்கு?" என்றார்கள். குமாஸ்தாவே எனக்குப் புத்தி சொன்னார். "அடுத்தவங்க பொருள்ல கை வைக்கக்கூடாதும்மா."

சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் நான் சொல்லாமல் வைத்துக்கொண்ட செய்தி அது ஒன்றுதான். சோற்றில் கல் கடிபடுவதுபோல ஒவ்வொரு வேளையும் கடிபட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. அவர் பட்டறையில் இருப்பார். அவர் குழந்தையைக் கூட்டிவரப் போகிற சனிக்கு முந்தின வெள்ளியில் நான் இஸ்திரியை அணைத்துவிட்டு, உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்குவேன். பொத்தான்களை உள்ளங்கையால் பொத்திச் சத்தமில்லாமல் திறக்கப் பழகிவிட்டேன். ரப்பர் பட்டைக்கு உள்ளே எப்போதும் ஈரம் மினுக்கும். துடைத்து, உறையைத் தூக்கிப் பிடித்துக் காற்றாட விடுவேன். ஆறு சட்டை தேய்க்கிற நேரம். கை ஓயும். வெயிலில் அந்தத் தெருவில் ஒற்றை ஆளாக, ஒரு காரின் மூக்கைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். கேட்க ஆளில்லாததால் காரிடமே சில விஷயங்கள் பேசுவேன். பிறகு எட்டையும் மாட்டிவிட்டு வருவேன். அந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் வண்டி நூறு காட்டியது. ஒன்பதே முக்காலுக்கு அவர் அந்த வாசலில் நின்றார்.

அப்படி ஐந்தாவது வெள்ளிக்கிழமை, உறையைத் தூக்கிப் பிடித்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. உறைக்காரர்தான், தார்ப்பாய் தைக்கிற கோணூசி ஒன்றை வீட்டில் மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்திருக்கிறார்.

நான் உறையைக் கீழே விடவில்லை. விட்டால் மட்டும் என்ன, விடாவிட்டால் மட்டும் என்ன?

"மறுபடியுமாக்கா?"

உறையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

"உங்களுக்கு என்னதான்க்கா வேணும் இதுல?"

மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மானம் திரும்பி வந்துவிடும். நாளைக்குச் சனிக்கிழமை. அவள் வாசற்படியில் பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"சும்மா... உள்ள எப்படி இருக்குன்னு பாக்கத்தான்," என்றேன்.

"அன்னைக்கே பாத்தீங்களே?"

"இருட்டுல சரியாத் தெரியல தம்பி."

அவர் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். கலைந்த தலையை, வியர்வையை, வெறிச்சோடிக் கிடந்த தெருவை, எதிரே திறந்து கிடந்த என் ஜன்னலைப் பார்த்தார். என்ன கணக்குப் போட்டாரோ, முகம் மெல்ல மாறியது. அந்த மாற்றத்தில் இருந்தது இரக்கம். யாரும் என்னை அப்படிப் பார்த்து நாளாகிவிட்டது. கோபத்தைவிட அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"வீட்ல தனியாவே இருக்கறதுனால இப்படி ஆகுதுக்கா," என்றார். "எனக்கும் ஆகும். நான் போய் எதையாவது அளவெடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்." காருக்கு முன்னால் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "திருட்டுத்தனமா எதுக்குப் பாக்கணும்? ஒரு வார்த்தை கேட்டா நான் காட்டமாட்டேனா? இப்படி வாங்க. நான் இருக்கும்போதே பாருங்க. உறையை நல்லாத் தூக்குங்க, வெளிச்சம் வரட்டும்."

தூக்கினேன். அவர் ஒரு குச்சியால் சுட்டிக்காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். மொத்தம் ஐந்து ஓட்டை. பெரிசு ரெண்டு வழியாகத்தான் கரண்ட் போகும். அடியில் இருக்கிறது பூமிக்கு. சின்னது ரெண்டும் காரும் ஒயரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள. நான் தயாரா, நீ தயாரா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கரண்டையே விடுமாம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் ஒன்றரைக்குப் பட்டறையிலிருந்து எனக்காகவே வருகிறார். தானே எட்டுப் பொத்தானையும் திறக்கிறார். ஈரத்தைப் பார்த்தால், "தூசி," என்று நான் துண்டால் துடைத்துவிடுவேன். ஓட்டை ஐந்துதான். காய்வதற்கோ அரை மணி நேரம் வேண்டும். நானும் வாய் ஓயாமல் கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார். இந்த மனுஷர் பேசவே மாட்டார் என்றா அவள் விட்டுவிட்டுப் போனாள்? போன வெள்ளிக்கிழமை மப்பும் மந்தாரமுமாக இருந்தது, சீக்கிரம் காயவில்லை. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, மூடட்டுமா என்று உறையைக் கையில் எடுத்தார். குனிந்து பார்த்தேன். இடது ஓரத்தில் ஈரம் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இருங்க தம்பி. அந்தச் சின்ன ஓட்டை ரெண்டும் என்ன பேசிக்கும்னு சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க, மறந்துபோச்சு."